முனீஸ்வரி மல்லாக்கப் படுக்க மறுத்த நாள்

எந்த வேலையைச் சொன்னாலும் முனீஸ்வரி செய்வாள். ஆனால் ஏன் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டாள். சேத்தூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் முதல் ராஜபாளையத்து நூல் மில் சூப்பர்வைசர் வரைக்கும் அவளைப் பற்றிச் சொன்ன புகார் இது ஒன்றுதான். "இவ எனக்குப் பொறக்கையிலயே, எதுக்கு வெளிய வரணும்னு கேட்டுட்டுத்தான் வந்திருப்பா" என்று அவள் அம்மா வெள்ளத்தாய் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பாதி பெருமை, பாதி சலிப்பு.

மில்லில் முனீஸ்வரிக்கு சைடர் வேலை. இரண்டு பக்கமும் நூல் சுற்றும் மெஷின்கள் வரிசையாக ஓட, நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே இழை அறுகிறதோ அங்கே விரலைக் கொடுத்து ஒட்ட வேண்டும். ஷிப்டு முடிகிற வரைக்கும் நடைதான். கல்யாணமாகி, பிள்ளை உண்டாகி, ஐந்தாம் மாதத்தில் கால் வீங்கியபோது, செத்த நேரம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். "உக்காந்தா நூலை யாரு பாப்பா?" என்றார் அவர். முனீஸ்வரி காலி பாபின் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்தாள். "அறுந்தா எந்திரிப்பேன் சார். அறுகாதப்ப எதுக்கு நிக்கணும்? காரணத்தைச் சொல்லுங்க, நிக்கேன்." அவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

புருசன் பாண்டிச்செல்வத்துக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராணுவத்தில் இருந்தான், வடக்கே எங்கோ பனிக்குள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதால், வளைகாப்பு முடிந்த கையோடு முனீஸ்வரி சேத்தூருக்கு வந்துவிட்டாள்.

விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த வலி வந்தது. வயிற்றில் வரவில்லை. நடு முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்புக்குள் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புவதுபோல வந்தது. வந்து, நின்று, மறுபடி வந்தது. முனீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, வலி வந்துட்டு."

வெள்ளத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகளின் இரண்டு கையும் இடுப்புக்குப் பின்னால் இருந்தன. வயிற்றை அவள் தொடக்கூட இல்லை.

"எங்க வலிக்கி?"

"முதுகுல."

"முதுகுலயா? அடிப்போடி. அது சூட்டு வலி. பிள்ளை வலின்னா வயித்தப் பிடிச்சு முறுக்கும். நான் நாலு பெத்தவ, எனக்குத் தெரியாதா?"

சூட்டு வலி என்றால் உடம்புச் சூட்டில் வருகிற பொய் வலி. அதைக் கண்டுபிடிக்க ஊரில் ஒரு வழி உண்டு. சீரகத்தைக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வலி அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிள்ளை வலி. வெள்ளத்தாய் ஒரு சொம்பு சீரகத் தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினாள். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினாள். முனீஸ்வரி குடித்து முடித்த நேரம், கணக்குப் போட்டு வைத்ததுபோல வலி ஓய்ந்தது.

"பாத்தியா?" வெள்ளத்தாய் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "நான் சொல்லல?"

"அது அடங்கலம்மா. இடைவெளி விட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாண்டி."

"ரெண்டும் ஒண்ணுன்னா, பஸ் ஸ்டாப்புல நிக்கிற பஸ்ஸெல்லாம் ஊருக்கு வந்து சேந்த பஸ்ஸா?"

அடுத்த வலி வந்தபோது முனீஸ்வரி அரிசி மூட்டையின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். வெள்ளத்தாய் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டாள். "மல்லாக்கப் படுத்து உறங்கு. சூடு இறங்கும்." முனீஸ்வரி பாயில் முதுகை வைத்துத்தான் பார்த்தாள். வைத்த வேகத்தில் எழுந்தாள். வலிக்கிற எலும்பையே தரையில் வைத்து யாரோ மிதித்ததுபோல இருந்தது.

"படுக்க மாட்டேன்."

"படுக்காம?"

"நடப்பேன்."

அவள் வீட்டுக்குள் நடந்தாள். மூன்று எட்டில் வீடு முடிந்துவிட்டது. வெளியே இறங்கி, தெருவில் குழாயடி வரைக்கும் போய்த் திரும்பினாள். வலி வருகிறபோது எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளின் சீட்டைப் பிடித்துக் குனிந்தாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் என்ன என்று கேட்க, வெள்ளத்தாய் பின்னாலேயே வந்து எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: "சூட்டு வலி. சீரகத் தண்ணியில அடங்கிட்டு. இவதான் அடங்க மாட்டேங்கா."

தன் உடம்புக்குள் நடப்பதைத் தானே சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை என்பதுதான் முனீஸ்வரியை வலியைவிட அதிகமாகச் சுட்டது. அவள் போனை எடுத்து ஆட்டோக்கார இருளப்பசாமியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போணும். உடனே வாங்க."

வெள்ளத்தாய் போனைப் பிடுங்கப் பார்த்தாள். "ஏட்டி, பொய் வலிக்குப் போனா திருப்பி அனுப்புவாவ. ஊரே சிரிக்கும். அப்படியே போனாலும் ராஜபாளையம் கிட்டக்க இருக்குல்லா?"

"மாசா மாசம் ஸ்கேன் பாத்தது அங்க. என் ஃபைல் இருக்கிறது அங்க. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

ஆட்டோ வந்தது. உட்காரத்தான் முடியவில்லை. உட்கார்ந்தால் பிள்ளையின் தலை முழுவதும் அந்த எலும்பில் வந்து இடித்தது. முனீஸ்வரி சீட்டின் மேல் முட்டி போட்டு ஏறி, பின்பக்கம் திரும்பி, சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டாள். பின்னால் தொங்கிய படுதாவைச் சுருட்டிக் கட்டச் சொன்னாள்.

"யம்மா தாயி, இப்படியேவா போறது?" என்றான் இருளப்பசாமி.

"நீங்க முன்னால பாத்து ஓட்டுங்கண்ணே. பின்னால நான் பாத்துக்கிடுதேன்."

அப்படித்தான் அவள் ராஜபாளையத்தைக் கடந்தாள், முகம் பின்னால் பார்க்க, தலைமுடி பறக்க. பஞ்சு மார்க்கெட் பக்கம் நெரிசலில் ஆட்டோ நின்றபோது, பின்னால் பைக்கில் வந்த இரண்டு காலேஜ் பையன்கள் அவளையே வெறித்தார்கள். வலி உச்சத்தில் இருந்தது. முனீஸ்வரி கண்ணை மூடவில்லை. பையன்களை நேராகப் பார்த்துக்கொண்டே மாடு முக்காரமிடுவதுபோல அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். ஒருவன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டான். மற்றவன் பைக்கை விட்டு இறங்கி, முன்னால் ஓடி, ஒரு லாரியை நிறுத்தி ஆட்டோவுக்கு வழி விட்டான்.

வேகத்தடை ஒவ்வொன்றுக்கும், கூடவே ஏறி வந்த வெள்ளத்தாய் "மெதுவா, மெதுவா" என்றாள். மகளின் கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைகையில், "ஏட்டி, கோபுரம் தெரியுது. கும்பிட்டுக்கோ" என்றாள்.

"எனக்கு வந்த ரோடுதாம்மா தெரியுது. நீ ரெண்டு பேருக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோ."

பிரசவ வார்டில் அன்றைக்கு சிஸ்டர் கிருபாபாய் இருந்தாள். தளவாய்புரத்துக்காரி, பேச்சும் நடையும் ஒரே வேகம். முனீஸ்வரி வாசலில் நின்று முதல் வார்த்தையாகச் சொன்னாள்: "சிஸ்டர், முதுகு வலி. ஆனா சூட்டு வலி இல்ல."

"அதை நான் பாத்துச் சொல்லுதேன். கட்டில்ல ஏறு. பாக்கிற நேரம் மட்டும் படு, பொறவு எந்திரிச்சுக்கோ."

காரணமும் கால அளவும் சொல்லிவிட்டதால் முனீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். கிருபாபாய் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தொப்புளைச் சுற்றிக் குழிந்திருந்தது. கையும் காலுமாக முன்பக்கம் தட்டுப்பட்டது. உள்ளே சோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"பிள்ளை வலிதான். கர்ப்பப்பை வாய் பாதி திறந்திருக்கு."

வெள்ளத்தாயின் முகத்தில் ஈயாடவில்லை. "முதுகுலதான வலிக்குன்னா?"

"பிள்ளைக்குத் தலை கீழதான் இருக்கு. ஆனா அதோட முதுகு இவ முதுகோட ஒட்டிக் கெடக்கு. முகம் முன்னால பாத்திருக்கு. பின்மண்டை வந்து இவ எலும்புல இடிக்கி. அதான் வயித்த விட்டுட்டு முதுகுல வலிக்கி. இப்படிக் கெடந்தா வலி விட்டு விட்டு வரும், நேரமும் ஆகும். முக்காவாசிப் பிள்ளைக தானா திரும்பிடும். சிலது திரும்பாமலே வரும். சிலது வரவே வராது, ஆபரேசன் பண்ணணும்."

"திரும்புறதுக்கு நான் என்ன செய்யணும்?" என்றாள் முனீஸ்வரி.

"உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. முன்னால குனிஞ்சு இருந்தா உனக்கு வலி குறையும், பிள்ளைக்கும் இடம் கெடைக்கும். எது தோதா இருக்கோ அப்படி இரு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தச் சிஸ்டரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது முனீஸ்வரிக்கு.

சிறிது நேரத்தில் டாக்டர் வெங்கடேஸ்வரி வந்தாள். பிள்ளையின் துடிப்பைக் கேட்டாள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி அதைக் கட்டிக்கொண்டு முட்டி போட்டிருந்தவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"இங்க பாரும்மா. துடிப்பு நல்லா இருக்கிற வரைக்கும் நட, குனி, முட்டி போடு. துடிப்பு இறங்குனாலோ, வாய் திறக்காம நின்னுட்டாலோ ஆபரேசன்தான். அந்த நேரத்துல ஏன் எதுக்குன்னு கேட்டு நிக்கக் கூடாது."

"அதான் ஏன்னு இப்பவே சொல்லிட்டீங்களே டாக்டர். அப்பக் கேக்க மாட்டேன். ஆனா நான் படுக்க மாட்டேங்கிறதுக்காகக் கிழிக்கக் கூடாது."

டாக்டர் கிருபாபாயைப் பார்த்தாள். கிருபாபாய் மேற்கூரையைப் பார்த்தாள். "சரி" என்றாள் டாக்டர்.

துணைக்கு ஒரு பெண் உடன் இருக்கலாம் என்றார்கள். வெள்ளத்தாய் தயங்கித் தயங்கித்தான் உள்ளே வந்தாள். கிருபாபாய் அவள் கையைப் பிடித்து, மகளின் இடுப்புக்குக் கீழே, வலிக்கிற எலும்பின் மேல் வைத்தாள். "உள்ளங்கையோட அடிப்பக்கத்தை வச்சு அமுக்குங்க. தடவக் கூடாது, அமுக்கணும். வலி வந்ததும் அமுக்குங்க, போனதும் விடுங்க."

வெள்ளத்தாய் மெல்ல அமுக்கினாள்.

"இன்னும்."

இன்னும் அமுக்கினாள்.

"யம்மா, சப்பாத்தியா தேய்க்க? முழுப் பலத்தையும் போடு!"

நாற்று நட்டு, களை பறித்து, புல்லுக்கட்டுச் சுமந்த உடம்பு வெள்ளத்தாயுடையது. காலை அகட்டி வைத்து, உடம்பின் எடை முழுவதையும் கைக்கு இறக்கினாள். அப்போதுதான் அவள் கையின் கீழே அது தெரிந்தது. எலும்பே உள்ளிருந்து வெளியே தள்ளியது. தள்ளி, நடுங்கி, மெதுவாக உள்வாங்கியது. அடுத்த வலிக்கு மகள் வாயைத் திறக்கும் முன்பே வெள்ளத்தாயின் கை அங்கே இருந்தது.

வலி இல்லாத நேரத்தில் முனீஸ்வரி நடந்தாள். வார்டின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே, மில்லில் நடக்கிற அதே நடை. "அங்க உக்காந்தா திட்டுதாவ, இங்க நின்னா திட்டுதாவ" என்று முனகினாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணை வந்த ஒரு பெண், இவள் முட்டி போட்டுக் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "என்ன கூத்து இது? மாடு கணக்கா நாலு காலுல நிக்கா."

"மாடு லேசாப் பெக்குதுல்லா மதினி?" என்றாள் முனீஸ்வரி தலையைத் தூக்காமலே. "நீங்க எத்தனை மாட்டுக்கு ஆபரேசன் பாத்திருக்கீய?"

அந்தப் பெண்ணின் மகளே கட்டிலில் கிடந்தபடி சிரித்துவிட்டாள்.

இடையில் பாண்டிச்செல்வத்தின் போன் வந்தது. வெள்ளத்தாய் அதை மகளின் காதருகே பிடித்தாள். காற்று இரைச்சலுக்குள்ளிருந்து, "ரொம்ப வலிக்கா?" என்று கேட்டான்.

"நீங்க எங்க இருக்கீய?"

"டூட்டில."

"நானும் டூட்டிலதான் இருக்கேன். பொறவு கூப்பிடுங்க."

உச்சி வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. உள்ளே சோதித்த கிருபாபாய், கொஞ்சம்தான் முன்னேறியிருக்கிறது என்றாள். அதற்குள் முனீஸ்வரிக்கு முக்க வேண்டும் போல ஓர் உந்துதல் வந்தது. "முக்குடி, முக்கு!" என்றாள் வெள்ளத்தாய். "முக்காத! வாயால ஊது!" என்றாள் கிருபாபாய்.

"ஏன்?" என்று கத்தினாள் முனீஸ்வரி.

"முழுசாத் திறக்கல. இப்ப முக்குனா வாய் வீங்கிடும், பொறவு திறக்காது. பின்மண்டை அழுத்துறதாலதான் உனக்கு அப்படித் தோணுது."

முனீஸ்வரி ஊதினாள். அணைய மாட்டேன் என்கிற விளக்கை ஊதுவதுபோல ஊதினாள். ஒரு வலிக்கு ஊதினாள். அடுத்ததற்கு ஊதினாள். அதற்கடுத்தது வந்தபோது ஊதுவதற்கு மூச்சில்லை. கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து, காலையிலிருந்து ஒருமுறைகூட அழாதவள் அழுதாள்.

"முடியல சிஸ்டர். டாக்டரைக் கூப்பிடுங்க. ஆபரேசனே பண்ணிடுங்க."

கிருபாபாய் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "நெசமாத்தான் சொல்லுதியா? துடிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ கேட்டா நான் கூப்பிடுதேன். அதுல ஒரு குறைச்சலும் இல்ல."

"கூப்பிடுங்க."

கிருபாபாய் போனாள். வெள்ளத்தாய் மகளின் இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் கை வீங்கி, மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது. ஒரு வலி வந்து போயிற்று. அடுத்தது வந்தபோது வயிற்றின் ஒரு பக்கம் மேடாக எழும்பி, மெல்ல மறுபக்கம் சரிந்தது. முனீஸ்வரி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"யம்மா. கையை எடு."

"என்னட்டி?"

"வலி இடம் மாறிட்டு. முதுகுல இல்ல. முன்னால வந்துட்டு."

டாக்டர் வெங்கடேஸ்வரி உள்ளே வந்தாள், பின்னால் கிருபாபாய் ஆபரேசனுக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். முனீஸ்வரி சொன்னது காதில் விழவும், "இப்பத்தான பாத்தேன் டாக்டர், அப்படியேதான் இருந்துச்சு. அதுக்குள்ள திரும்பியிருக்காது" என்றாள். வெள்ளத்தாய் கட்டிலைச் சுற்றி வந்து இருவருக்கும் முன்னால் நின்றாள். டாக்டர்மாருக்கு எதிரே செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நிற்கிறவள், குரலை உயர்த்தினாள்.

"மொதல்ல பாருங்கம்மா. வலி மாறிட்டுங்கா. அவ சொன்னா இருக்கும்."

டாக்டர் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் புருவம் ஏறியது. "திரும்பிட்டு. முழுசாவும் திறந்துட்டு. ஏம்மா, இப்பவும் ஆபரேசன் வேணுமா?"

முனீஸ்வரியின் கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. "இம்புட்டு நேரம் நின்னுட்டு இப்ப எதுக்கு டாக்டர்?"

"அப்ப முக்கு."

"படுக்கணுமா?"

"எப்படி வேணும்னாலும் இரு தாயி" என்றாள் கிருபாபாய். "நான் பின்னால நின்னு வாங்கிக்கிடுதேன்."

முட்டி போட்டபடியே, கட்டிலின் தலைமாட்டை மார்போடு அணைத்துக்கொண்டு முனீஸ்வரி முக்கினாள். காலையில் பஞ்சு மார்க்கெட்டையே திரும்பிப் பார்க்க வைத்த குரல் இப்போது வார்டு முழுக்க நிறைந்தது. சத்தம் போடாதே என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த அந்தப் பெண்ணே, "அப்படித்தாண்டி, விடாத!" என்றாள். வெயில் சாயும் நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. தலை கொஞ்சம் நீண்டு, மூக்கு சப்பி, ஊரையே கோபித்துக்கொண்ட முகத்தோடு வந்து, மூச்சு இழுத்து, அம்மாவைவிட உரக்கக் கத்தியது.

கிருபாபாய் பிள்ளையை முனீஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு, "தையல் ரெண்டு போடணும். இதுக்கு மட்டும்" என்று ஆரம்பித்தாள். அவள் முடிக்கும் முன்பே முனீஸ்வரி பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, தானாகவே, மெத்தையில் முதுகு முழுவதும் படும்படி மல்லாந்து சாய்ந்தாள்.

வெள்ளத்தாய் பதறிப்போய்க் குனிந்தாள். கன்றிப்போன கையால் மகளின் நெற்றி முடியை ஒதுக்கினாள்.

"ஏட்டி, முதுகு வலிக்கா?" என்று கேட்டாள்.

முனீஸ்வரி கண்ணை மூடி, இடுப்பை மெத்தையில் ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். "இல்லம்மா."

"சரி" என்றாள் வெள்ளத்தாய்.